ஓலை விசிறியும் ஊதுகுழலும்
(இரையும் கணினிப் பெட்டியை அமைதிப்படுத்திய கதை)

உப்புவெளியின் இரவு ஒருபோதும் முழு மௌனமாய் இருப்பதில்லை. கடல் ஓயாது கரையோடு பேசிக்கொண்டிருக்கும். தென்னோலைகள் காற்றில் உரசும். நிலாவெளி வீதியிலே பின்னிரவிற் போகும் ஒரு பேருந்தின் உறுமல் எழுந்து தேயும். ஆயினும், இவ்வொலிகளிடையே பிறந்து வளர்ந்த எமக்கு இவை ஒலிகளாகவே தோன்றுவதில்லை. தாலாட்டைக் கேட்டு எந்தக் குழந்தையாவது இரைச்சல் என்று முறையிட்டதுண்டா?

அத்தகைய வீட்டுக்குள்ளே ஒரு நாள் கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. வந்த அன்றே அது அலறத் தொடங்கியது. அதன் அலறலை அடக்க நாம் பட்ட பாட்டையும், அதிற் செய்த பிழையையும், அப்பிழையாற் கற்ற பாடத்தையும் வாசகர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று பாடசாலை, சனசமூக நிலையம், தனியார் வகுப்பு, வீடு என்று பல இடங்களிலே பழைய சேர்வர்கள் குடிபுகுந்துள்ளமையால், எம் அநுபவம் பிறர்க்கும் பயன்படும் என்று நம்புகின்றோம்.

பெட்டி வந்த காரணம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலை எங்கள் கரையிலே நிகழ்ந்ததை இவ்வூரார்க்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆழிப்பேரலை உயிர்களைக் கொண்டுபோயிற்று, வீடுகளைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் பின்னர் உணர்ந்த இழப்பு வேறொன்று. திருமணப் படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், இறந்துபோன தந்தையின் கையெழுத்தில் இருந்த ஒரேயொரு கடிதம் முதலியன நீரோடு போயின. எம் அம்மம்மாவிடம் அவருடைய கணவரின் படம் இன்று ஒன்றுதான் உண்டு. அதுவும் மட்டக்களப்பிலுள்ள உறவினர் வீட்டு அல்பத்தில் இருந்தமையாலேயே தப்பியது.

தாளை நம்பியிருந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழர் முன்னரே அறிவர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்துக் கணினியிற் சேர்த்துவைக்கும் பெரும்பணியை ஆற்றிவருகின்றது. அம்முயற்சியைக் கண்டு, நாமும் எம் அளவில் அயலாரின் படங்களையும் பத்திரங்களையும் ஒரு கணினியிற் சேர்த்துவைப்போம் என்று எண்ணினோம். இராப்பகலாய் ஓயாது இயங்கவல்லது, இரட்டை வன்தட்டுகள் கொண்டது, விலையும் குறைந்தது என்று பார்க்கும்போது, கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய சேர்வர் ஒன்று எம் கைக்கு எட்டியது.

முதல் இரவே அம்மம்மா கேட்டார்: "தம்பி, உந்தப் பெட்டிக்கு என்ன வருத்தம்? இரா முழுக்க அனத்துது."

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளோ காதுகளிற் பஞ்சை அடைத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழிந்தபின், இரவிலே யாரோ எழுந்து பெட்டியின் ஆளியை அணைத்துவிடுவது வழக்கமாயிற்று. யார் என்று நாம் விசாரிக்கவில்லை. ஒரு நாள் நாமே அணைத்தோம்.

பெட்டி ஏன் அலறுகின்றது?

கணினிக்குள்ளே செல்லும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகின்றது. 140 வாற்று மின்சாரத்தை உண்ணும் பெட்டி, 140 வாற்று வெப்பத்தைக் கக்கியே தீரும். அவ்வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவது காற்று. காற்றைத் தள்ளுவது விசிறி.

வீட்டு மேசைக் கணினிக்கு அகன்ற கூடு உண்டு. அதிலே 120 மில்லிமீற்றர் விசிறியைப் பூட்டலாம். சேர்வர்களோ அலுமாரித் தட்டுகளிலே ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்படுவதற்கென்று செய்யப்பட்டவை. ஓர் அடுக்கு 'ஒரு யூ' எனப்படும். அதன் உயரம் 44.45 மில்லிமீற்றர் மாத்திரமே. அதற்குள் 40 மில்லிமீற்றர் விசிறிக்கு மேல் நுழையாது. எம்முடைய பெட்டி இரண்டு யூ உயரமுடையது. எனவே 80 மில்லிமீற்றர் விசிறிகள் நான்கு அதிலே இருந்தன.

சிறிய விசிறி பெரிய விசிறியின் வேலையைச் செய்ய வேண்டுமாயின் மிக விரைந்து சுழல வேண்டும். வீட்டுக் கூரையிலே தொங்கும் விசிறி நிமிடத்துக்கு 300 சுற்றளவிற் சுழன்று அறை முழுவதையும் குளிர்விக்கின்றது. சேர்வரின் 40 மில்லிமீற்றர் விசிறியோ நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 சுற்று வரையிற் பறக்கின்றது. 15,000 சுற்று என்றால் வினாடிக்கு 250 சுற்று. ஏழு இதழ்கள் உண்டெனின், வினாடிக்கு 1,750 முறை காற்று வெட்டுப்படுகின்றது. மனிதச் செவி மிகக் கூர்மையாய்க் கேட்கும் சுருதியை இது நெருங்குவதால் அவ்வொலி ஊசிபோற் குத்துகின்றது. 80 மில்லிமீற்றர் விசிறி 2,000 சுற்றிற் சுழலும்போதோ அதே கணக்கில் வினாடிக்கு 233 முறைதான். அது தாழ்ந்த முனகலாய்க் கேட்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தைக் கண்டோர்க்கு இது புதிதன்று. சிறு வள்ளத்தின் வெளியிணைப்பு இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டு விரையும். பெருங்கப்பலின் சுழலியோ ஆறுதலாய்ச் சுழன்று மலைபோன்ற கப்பலை நகர்த்தும். பெரிதாயும் மெதுவாயும் சுழல்வது அமைதிக்கு வழி என்பது நீருக்கும் காற்றுக்கும் பொதுவான விதி.

டெசிபெற் கணக்கு

விசிறி வாங்கச் செல்வோர் முதலிற் பார்ப்பது பெட்டியில் அச்சிட்டுள்ள டெசிபெல் எண். அதைச் சரியாய்ப் படிக்க மூன்று கணக்குகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது: டெசிபெல் சாதாரண எண்போற் கூட்டப்படுவதன்று. ஒரே அளவு இரையும் இரு விசிறிகள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும். நான்கு சேர்ந்தால் 6 கூடும். பத்துச் சேர்ந்தால் 10 கூடும். ஆகவே, நான்கு விசிறிகளுள் ஒன்றை மட்டும் மாற்றுவதாற் பெரும்பயன் விளையாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது: 10 டெசிபெல் குறைந்தால் செவிக்கு இரைச்சல் பாதியாய்க் குறைந்ததுபோற் தோன்றும்.

மூன்றாவதே மிக முக்கியமானது: ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தாலே 5 டெசிபெல் குறையும். புது விசிறி வாங்குமுன் பழைய விசிறியின் வேகத்தைக் கணினி அமைப்பிலே குறைக்க முடியுமா என்று பார்ப்பது செலவில்லாத முதல் மருந்தாகும்.

உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியிலே, உறங்கும் அறையில் இரவிலே தொடர்ந்து கேட்கும் ஒலி 30 டெசிபெல்லையும், வகுப்பறையிலே பின்னணி ஒலி 35 டெசிபெல்லையும் கடவாதிருத்தல் நன்று என்று கூறியது. எம் மகளின் மேசையிலே கைத்தொலைபேசியை வைத்துப் பார்த்தபோது அது 60ஐ ஒட்டிக் காட்டிற்று. கைத்தொலைபேசி துல்லியமான அளவுகோலன்று. எனினும் முன்பின் ஒப்பிடப் போதுமானது.

முதற் கொள்வனவும் முதற் பிழையும்

இவ்வளவும் அறிந்த நாம் கடைக்குச் சென்று செய்தது என்ன? டெசிபெல் எண் மிகக் குறைந்த விசிறி எதுவோ அதையே தேர்ந்தெடுத்தோம். விற்பனையாளர் காட்டிய நான்கு விசிறிகளும் தென்றலைப்போல மெதுவாய்ச் சுழன்றன. பூட்டினோம். வீடு அமைதியாயிற்று. அம்மம்மா நிம்மதியாய் உறங்கினார்.

ஆனால் பெட்டி அமைதியாயில்லை. சில நிமிடங்களுக்கொருமுறை விசிறிகள் திடீரென்று முழு வேகத்திற் சீறி, மறுபடி அடங்கி, மறுபடி சீறின. நகரிலே கணினி திருத்தும் தொழில் செய்யும் எம் பழைய மாணவர் ஒருவர் வந்து பார்த்துக் காரணம் கூறினார்.

"சேர், இந்த போர்டிலை ஒரு காவற்காரன் இருக்கிறான். விசிறி இவ்வளவு மெதுவாச் சுத்தினா அது செத்துப்போச்செண்டு நினைச்சு எல்லாத்தையும் முழு வேகத்துக்கு விடுறான்."

அவர் கூறியது உண்மை. சேர்வர்ப் பலகைகளிலே மேற்பார்வைச் சில்லு ஒன்று உண்டு. ஒவ்வொரு விசிறிக்கும் குறைந்தபட்ச வேகம் இதுவென்று அதற்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். அமைதி விசிறி அந்த எல்லைக்குக் கீழே சுழன்றால் அது அபாயம் என்று எண்ணிக்கொள்ளும். அந்த எல்லையைத் தாழ்த்துவது ஏற்புடைய செயலே. அதை அவர் செய்து தந்தார். ஆனால் நாம் அதனோடு நிற்கவில்லை. அடிக்கடி வந்த வெப்ப எச்சரிக்கைகளும் தொல்லையாய்த் தோன்றவே, அவற்றையும் பின்னர் நாமே அணைத்துவிட்டோம்.

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதம் வந்தது. திருகோணமலையிலே அக்காலத்திற் பகல் வெப்பம் 34, 35 பாகை செல்சியஸ் வரை ஏறும். ஒரு நண்பகலிலே இரு வன்தட்டுகளுள் ஒன்று டக், டக் என்று அடித்துக்கொண்டு நின்றுபோயிற்று. மற்றதன் வெப்பநிலையைப் பார்த்தோம்: 58 பாகை. பொதுவாக வன்தட்டு தாங்குமென்று தயாரிப்பாளர் குறிக்கும் எல்லை 60. ஊராரின் படங்களும் பத்திரங்களும் அந்த ஒரேயொரு சூடேறிய தட்டிலே தொங்கிக்கொண்டிருந்தன.

பழைய இரைச்சல் விசிறிகளை எறிந்துவிடாமல் வைத்திருந்தது எம் நல்லூழ். அவசரமாய் அவற்றையே மீண்டும் பூட்டினோம். புதிய தட்டை இணைத்து, எல்லாவற்றையும் அதற்குப் படியெடுக்கத் தொடங்கினோம். இரண்டு இரவுகள் பெட்டி பேயாய் அலறிற்று. அந்த இரு இரவுகளிலும் வீட்டில் ஒருவரும் முறையிடவில்லை. மகள் பஞ்சை எடுத்து வைத்துவிட்டாள். அம்மம்மா மட்டும் இருளிலே கூறினார்: "அலறட்டும் தம்பி. உயிரோட இருக்கெண்டு தெரியுது."

படிகள் முழுவதும் பிழையின்றி இறங்கின. ஆனால் நாம் வெட்கமுற்றோம். ஓசையை மட்டும் பார்த்து விசிறி வாங்கினோம். அதன் கடமையை மறந்தோம்.

விசையும் வீச்சும்

எம் பிழை எங்கே இருந்தது? அம்மம்மாவின் சமையலறையிலேயே அதற்கு விடை இருந்தது. வியர்த்தவர்க்கு விசிற அவர் எடுப்பது பனையோலை விசிறி. அடுப்பிலே தணலை மூட்ட எடுப்பது ஊதுகுழல். ஓலை விசிறி அகலமான காற்றை மெதுவாய்த் தருகின்றது. ஆனால் குவிந்த விறகுக்குள் அக்காற்று நுழையாது. ஊதுகுழல் தருவது சிறிதளவு காற்றுத்தான். ஆயினும் அது சாம்பலைத் துளைத்துக்கொண்டு தணலை அடையும்.

விசிறிக்கும் இவ்விரு குணங்கள் உண்டு. ஒன்று காற்றின் அளவு; மணிக்கு எத்தனை கனமீற்றர் என்று அளக்கப்படும். மற்றது அழுத்தம், எத்தனை மில்லிமீற்றர் நீர்மட்டத்தை உயர்த்தவல்லது என்று அளக்கப்படும். விளக்கக் குறிப்பிலே அச்சிடப்பட்ட அதிகபட்சக் காற்றளவு, எதிரே தடையே இல்லாதபோது கிடைப்பது. அதிகபட்ச அழுத்தமோ, வழி முற்றாய் அடைபட்டபோது கிடைப்பது. பெட்டிக்குள் விசிறி வேலை செய்வது இவ்விரண்டுக்கும் நடுவிலேதான். எனவே அச்சிட்ட எண்களிரண்டும் ஒருங்கே ஒருபோதும் கிடையா.

சேர்வரிலே காற்று வன்தட்டுகளின் நெருங்கிய இடுக்குகளைக் கடந்து, மூளைச் சில்லின் மேலுள்ள உலோகத் தகடுகளூடே புகுந்து, பின்புறத் துளைகளால் வெளியேற வேண்டும். வழியெங்கும் தடை. இங்கே வேண்டியது ஊதுகுழல். நாம் பூட்டியதோ ஓலை விசிறி.

வேகத்தைக் குறைத்தால் என்ன நேரும் என்பதற்குப் பொறியியலாளர் மூன்று விதிகள் வைத்துள்ளனர். வேகம் பாதியானாற் காற்று பாதியாகும், அழுத்தம் காற்பங்காகும், விசிறி உண்ணும் மின்சாரம் எட்டிலொன்றாகும். மேலும், ஒரே உருவமைப்புடைய இரு விசிறிகளுள் ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு பெரியதாயின், எட்டிலொரு பங்கு வேகத்திலேயே சிறியதன் காற்றளவைத் தந்துவிடும். ஆனால் அதன் அழுத்தமோ பதினாறில் ஒரு பங்காய்ச் சுருங்கும். பெரிய விசிறியைப் பூட்டினாற் போதும் என்று எண்ணுவோர் இதை மறத்தலாகாது. அமைதி இலவசமாய்க் கிடைப்பதன்று. அதற்கு ஈடாக நாம் கொடுப்பது அழுத்தம்.

ஒரு சான்று: ஒஸ்திரிய நாட்டு நொக்டுவா நிறுவனத்தின் 40 மில்லிமீற்றர் அமைதி விசிறி ஒன்று 5,000 சுற்றிலே 14.9 டெசிபெல் மாத்திரமே இரைகின்றது. அது தருவது மணிக்கு 9.4 கனமீற்றர் காற்று. அதே நிறுவனத்தின் 80 மில்லிமீற்றர் விசிறி 2,200 சுற்றிலே 17.7 டெசிபெல்லுடன் மணிக்கு 55.5 கனமீற்றர் தருகின்றது. வீட்டுக் கணினிக்கும் குறைந்த வெப்பமுள்ள சிறு கருவிக்கும் இவை மிக நல்லவை. ஆனால் நிமிடத்துக்கு 15,000 சுற்றிற் பறந்த விசிறியின் ஆசனத்திலே 5,000 சுற்று விசிறியை இருத்தி, அதே வேலையை எதிர்பார்த்தல் நியாயமன்று.

எவ்வளவு காற்று வேண்டும்?

இதற்கு எளிய கணக்கொன்று உண்டு. பெட்டி உண்ணும் வாற்றை 3ஆற் பெருக்கி, காற்று எத்தனை பாகை சூடேறலாமோ அந்த எண்ணால் வகுத்தால், மணிக்கு எத்தனை கனமீற்றர் காற்று வேண்டும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். எம் பெட்டிக்கு 140 வாற்று. 10 பாகை ஏறலாம் எனக் கொண்டால், 140 பெருக்கல் 3 வகுத்தல் 10, அதாவது 42 கனமீற்றர். இது தடைகளைக் கடந்து உண்மையாகவே ஓட வேண்டிய காற்று. அச்சிட்ட எண்ணின் சிறு பகுதியே பெட்டிக்குள் கிடைக்கும் என்பதால், வாங்கும்போது தாராளமாய்க் கொள்ளல் வேண்டும்.

குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளைக் கண்ணை மூடிப் பின்பற்றுவதும் பிழை. 20 பாகை அறையிலே 10 பாகை ஏறினால் 30. எம் 34 பாகைக் கூடத்திலே அது 44 ஆகும். வன்தட்டை 45 பாகைக்குள் வைத்திருத்தல் நன்று என்று கொண்டால், எமக்கு எஞ்சும் இடைவெளி மிகச் சிறிதே.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அளவு: நீள அகலம் மட்டுமன்றித் தடிப்பையும் அளந்துகொள்க. சேர்வர் விசிறிகள் பெரும்பாலும் 38 மில்லிமீற்றர் தடிப்புடையன. கடைகளிற் கிடைக்கும் அமைதி விசிறிகள் 25. இடைவெளி விட்டுப் பூட்டினால், தள்ளிய காற்று அவ்விடைவெளியாற் பின்னோக்கிச் சுழன்று வந்துவிடும்.

இணைப்பி: மூன்று ஊசியா, நான்கு ஊசியா என்று பார்க்க. நான்காவது ஊசி வேகக் கட்டளைக்குரியது. பீ. டபிள்யூ. எம். எனப்படும் இம்முறையிலே வினாடிக்கு 25,000 துடிப்புகள் செல்லும். அது மனிதச் செவிக்கு எட்டாத சுருதி. மூன்றாவது ஊசி, ஒரு சுற்றுக்கு இரு துடிப்பு வீதம், தன் வேகத்தைப் பலகைக்கு அறிவிக்கும். சில சேர்வர்களில் ஊசிகளின் ஒழுங்கு வேறுபடும். அதை அறியாமற் சொருகினாற் பலகையே கருகலாம்.

அச்சுத் தாங்கி: சாதாரண உறைத் தாங்கி புதிதில் அமைதியானது; சூட்டிலே எண்ணெய் வற்றியதும் கரகரக்கும். குண்டுத் தாங்கி வெப்பத்தை நன்கு தாங்கும். ஆனால் மெல்லிய கிறுகிறுப்பு உண்டு. திரவத் தாங்கியிலே எண்ணெய்ப் படலம் அச்சைத் தாங்குவதால் அமைதியும் ஆயுளும் சேர்ந்து கிடைக்கும். விலை சற்று உயர்வு. இராப்பகல் இயங்கும் பெட்டிக்குப் பின்னிரண்டில் ஒன்றையே கொள்க.

ஆயுள்: ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. 70,000 மணி என்று குறித்திருந்தால் அது எட்டு ஆண்டு. ஆனால் அந்த எண் எந்த வெப்பநிலைக்குரியது என்பதையும் பார்க்க வேண்டும்.

வோல்ற்று: சேர்வர் விசிறிகள் பொதுவாக 12 வோல்ற்றுக்குரியன. அதை 7 ஆகவோ 5 ஆகவோ குறைத்து வேகத்தைத் தணிப்போரும் உளர். குறைந்த வோல்ற்றிற் சில விசிறிகள் சுழலத் தொடங்காமலே நின்றுவிடும் என்பதால் இம்முறையை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

இன்னொன்றை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். மின்வழங்கிப் பெட்டிக்குள்ளும் ஒரு சிறு விசிறி உண்டு. அதை மாற்றுவதற்காக அப்பெட்டியைத் திறத்தலாகாது. 230 வோல்ற்று இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே உள்ள கொள்ளளவிகள் உயிரைப் பறிக்கவல்ல மின்னேற்றத்தை வைத்திருக்கும். அது தேர்ந்த தொழிலாளரின் வேலை.

இரண்டாம் முயற்சி

இம்முறை அழுத்தம் மிகுந்த, திரவத் தாங்கியுடைய, நான்கு ஊசி கொண்ட 80 மில்லிமீற்றர் விசிறிகளை வாங்கினோம். அவற்றின் டெசிபெல் எண் முன்னையதிலும் அதிகம். மூளைச் சில்லின் மேல் வெறுந் தகடாய் இருந்ததைக் கழற்றி, தனக்கெனச் சொந்த விசிறி கொண்ட தகடொன்றைப் பொருத்தினோம். அதனாற் பெரிய விசிறிகளின் சுமை குறைந்தது.

பின்னர் காற்று வீணாகும் ஓட்டைகளைத் தேடினோம். வெறுமையாயிருந்த தட்டறைகளை மூடினோம். விசிறிகளுக்கிடையே இருந்த சந்துகளை அடைத்தோம். கழன்றிருந்த காற்று மூடியை அதனிடத்திலே மீண்டும் பொருத்தினோம். காற்று தான் போக வேண்டிய வழியால் மட்டும் போகுமாறு செய்தால், குறைந்த வேகமே போதுமானதாகின்றது. விசிறிக்கும் இரும்புக்கும் நடுவே இறப்பர் ஆணிகளை இட்டதும், பெட்டி முழுவதும் அதிர்ந்துகொண்டிருந்த முனகல் நின்றது.

இறுதியாக, வேகத்தை வெப்பத்தோடு பிணைத்தோம். இரவின் குளிர்ச்சியில் மெதுவாயும், கச்சான் பகலில் விரைவாயும் விசிறிகள் சுழலும். வெப்ப எச்சரிக்கைகளை மீண்டும் இயக்கினோம். ஒரு நண்பகலிலே இரண்டு மணி நேரம் பெட்டிக்குக் கடும் வேலை கொடுத்து, பக்கத்திலிருந்து வெப்பநிலையைக் குறித்துக்கொண்டோம். தட்டுகள் 44 பாகையைத் தாண்டவில்லை. அதன் பின்னரே மூடியைப் பூட்டினோம்.

மற்றொரு மாற்றம் காசில்லாதது. பெட்டியை முன்கூடத்திலிருந்து எடுத்துப் பின்புற ஒழுங்கையோரம், கடலுக்கு மறைவான சுவரருகே வைத்தோம். ஒலிக்குத் தூரமும் சுவருமே சிறந்த மருந்து. எம் ஊரின் பெயரிலேயே இருக்கும் உப்பும் இதற்கு ஒரு காரணம். கடற்காற்றிலே வரும் நுண்ணிய உப்புத் துகள்கள், காற்றின் ஈரப்பதன் 75 விழுக்காட்டைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சித் துளி நீராய்க் கசியும். வாடைக் காலத்திலே இது எம் கரையில் வழமை. அக்கசிவு செப்புக் கம்பியையும் இணைப்பிகளையும் அரித்துவிடும். விசிறி எவ்வளவு காற்றை அநாவசியமாய் இழுக்கின்றதோ, அவ்வளவு உப்பையும் உள்ளே இழுக்கின்றது. தேவைக்கு மேல் சுழலாதிருப்பது காதுக்கு மட்டுமன்றிப் பெட்டிக்கும் நன்று. ஆண்டுக்கு இருமுறையாவது திறந்து, மெல்லிய தூரிகையால் விசிறி இதழ்களைத் துடைப்பதும் கடமையாகும்.

பெரியோர் செய்தவை

இச்சிக்கல் எம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டு ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டிலே ஒரு வங்கியின் கணினி நிலையத்தில் தீயணைப்பு வாயுவைத் திறந்து ஒத்திகை பார்த்தபோது, வாயு பாய்ந்த பேரோசையின் அதிர்வினாலேயே வன்தட்டுகள் பல பழுதாகின. இரைச்சல் மனிதரை மட்டுமன்றி இயந்திரத்தையும் தாக்கும் என்பதற்கு இது சான்று.

மைக்ரோசொவ்ற் நிறுவனமோ 2018ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் ஓர்க்னித் தீவருகே 864 சேர்வர்களை ஓர் உருளையில் அடைத்துக் கடலுக்குள் இறக்கிற்று. உள்ளே உலர்ந்த நைதரசன் வாயு. வெளியே குளிர்ந்த கடல். 2020இலே மேலே எடுத்துப் பார்த்தபோது, தரையிலுள்ளவற்றோடு ஒப்பிட எட்டிலொரு பங்கே பழுதாகியிருந்தன. உள்ளே உலர்ந்த நைதரசன் நிறைந்திருந்தமையும், மனிதர் தொட்டு அசைக்காமையும் அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. எம்மால் பெட்டியைக் கடலுக்குள் இறக்க இயலாது. கடல் தானாய் வந்து போனதே போதும். ஆனால் உப்பை விலக்குதல், வெப்பத்தைக் கவனித்தல், அடிக்கடி குலைக்காதிருத்தல் என்னும் மூன்று பாடங்களையும் எந்த வீட்டாரும் கைக்கொள்ளலாம்.

நான்காவது ஒன்றும் உண்டு. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தட்டுகள் இரண்டு காப்புகள் ஆகா. ஒரு தீயோ ஓர் அலையோ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். அம்மம்மாவின் கணவருடைய படம் தப்பியது, அது வேறோர் ஊரிலே இருந்தமையால் அல்லவா? இன்று எம் சேமிப்பின் முழுப் படி ஒன்று மட்டக்களப்பில், அதே உறவினர் வீட்டிலே இருக்கின்றது.

நிறைவாக

இப்பொழுது எம் வீட்டிலே பெட்டி இருப்பதை விருந்தினர் அறிவதில்லை. முற்றாய் ஒலியில்லை என்று கூறோம். நள்ளிரவிலே ஒழுங்கைப் பக்கம் நின்று செவிசாய்த்தால், மெல்லிய மூச்சுப்போல ஓர் ஓசை கேட்கும். முதல் முயற்சியின் விசிறிகள் இதனினும் அமைதியானவை. ஆனால் அந்த அமைதியின் கீழே தட்டு வெந்துகொண்டிருந்ததை நாம் அறியவில்லை.

சில நாட்களின் முன் அம்மம்மா ஒழுங்கைக்குச் சென்று, பெட்டியின்மேல் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சற்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் இருந்தது அது.

"சூடில்லை," என்றார். பிறகு கடற்பக்கம் காது கொடுத்தபடி தம் பாயிற் சென்று படுத்துக்கொண்டார்.

அமைதியை விரும்பும் வாசகர்களே! விசிறி வாங்கச் செல்லும்போது காதை மட்டும் கொண்டு செல்லாதீர்கள். அம்மம்மாவின் கையையும் கொண்டு செல்லுங்கள். பெட்டி எவ்வளவு இரைகின்றது என்று கேட்பதோடு, அது எவ்வளவு சுடுகின்றது என்பதையும் தொட்டுப் பாருங்கள். அவ்விரண்டும் ஒத்துப்போகும் வேகமே உங்கள் வீட்டுக்குரிய வேகம்.